ஓயாக்கரையில் சுழன்ற சக்கரம்

(நல்லதண்ணியில் தோட்ட மக்கள் மத்தியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆற்றங்கரை ஆலைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இங்க ஏதுங்க ஆலை? இஸ்டோரு தானே இருக்கு" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி தான். வேறு நாடுகளில் ஆற்றங்கரை ஆலை என்றால் தானியம் அரைக்கிற இடம். ஓடுகிற தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் கல்லைச் சுற்றும், கல் தானியத்தை மாவாக்கும். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஊருக்கு ஊர் அப்படி இருந்தன. அந்தச் சீமைகளில் இருந்து வந்த துரைமார் தமக்குத் தெரிந்த அதே வித்தையை இந்த மலைகளுக்கும் கொண்டு வந்தார்கள். ஆனால் தானியம் அரைக்க அல்ல. முதலில் கோப்பிப் பழம் உரிக்க, அதற்குப் பிறகு தேயிலை உருட்ட.

எமது பாட்டிமார் குரக்கனைத் திருகையில் போட்டுக் கையால் தான் அரைத்தார்கள். பகல் முழுவதும் மலையில் நின்றுவிட்டு வந்து, இருட்டுக்குள்ளே குப்பி விளக்கை வைத்துக்கொண்டு அரைத்தார்கள். பள்ளத்தில் தண்ணீர்ச் சக்கரம் சுழன்றது, லயத்துக்குள் திருகை சுழன்றது. ஒன்றுக்கு ஆறு, மற்றதுக்குப் பெண்பிள்ளையின் கை. நாம் சொல்லப்போகிற கதை முழுவதுக்கும் இந்த வித்தியாசம் கூடவே வரும்.

நல்லதண்ணி என்று இந்த இடத்துக்குப் பேர். சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்கள் மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் லட்சக்கணக்கில் இந்த வழியாக வருகிறார்கள். சீத்த கங்குலவில் குளித்துவிட்டு மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கு இது புண்ணியத் தண்ணீர். நமக்கு இது பீலித் தண்ணீர், குடிக்க, குளிக்க, துவைக்க. தோட்டத்துக்கோ இது ஒரு தொழிலாளி. சம்பளம் கேட்காத, பிரட்டுக்கு வராத தொழிலாளி. மலையிலிருந்து இறங்குகிற இந்த ஓடைகள் மஸ்கெலியா ஓயாவில் கூடி, இன்றைக்கு மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய் விழுகின்றன. நீர்த்தேக்கம் வருவதற்கு முந்தி அவை நேரே ஓடின. ஓடுகிற வழியில் தான் தோட்டங்கள் அவற்றை வேலைக்குப் பிடித்தன.

முதலில் கோப்பிக் காலத்தைப் பார்ப்போம். டிம்புல, டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் கண்டியைப் போல அவ்வளவு பழைய கோப்பிச் சீமை அல்ல. 1860களிலும் 1870களிலும் தான் இங்கே பெருங்காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த எமது முன்னோர். கோப்பிப் பழத்தில் ஒரு சங்கடம் உண்டு. பறித்த பழத்தை வைத்திருந்தால் புளித்துக் கெட்டுப் போகும். ஆகவே உடனுக்குடன் மேல் தோலை உரிக்க வேண்டும். உரிக்கிற யந்திரத்துக்குப் 'பல்பர்' என்று பேர். சின்னத் தோட்டங்களில் அதைக் கையால் சுற்றினார்கள். பெரிய தோட்டங்களில் தண்ணீர்ச் சக்கரம் சுற்றியது. உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். உள் தோலை அங்கே உள்ள ஆலைகள் நீக்கின. பழம் உரிக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும், சக்கரம் சுற்றவும் தண்ணீர் வேண்டும். அதனால் தான் கோப்பி 'ஸ்டோர்' எல்லாம் ஓடைக் கரையில் கட்டப்பட்டது. சில தோட்டங்களில் மேல் மலையில் பறித்த பழத்தைத் தகரப் பீலிக்குள் கொட்டி, தண்ணீரோடு சேர்த்துக் கீழே அனுப்பினார்கள். தலைச்சுமை மிச்சம்.

இன்றைக்கும் நாம் தேயிலைத் தொழிற்சாலையை 'இஸ்டோரு' என்று தானே சொல்லுகிறோம். கோப்பி அழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பேர் மட்டும் எமது வாயில் நின்றுவிட்டது.

கோப்பி எப்படி அழிந்தது என்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் போல ஒரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. துரைமாரில் பலர் கடன்பட்டு ஊருக்குப் போனார்கள். எமது ஆட்களில் பலருக்குச் சம்பளப் பாக்கியே கைக்கு வராமல் போனது. இந்தக் கடைசிச் செய்தியைப் புத்தகங்களில் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் சக்கரம் அழியவில்லை. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஆரம்பத்தில் பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கையால் கொழுந்தை உருட்டினார்கள். 1872இல் அவர் ஒரு முழுத் தொழிற்சாலை அமைத்து, தானே யோசித்துச் செய்த உருட்டும் யந்திரத்தைத் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓட்டினார். மறு வருஷம் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. இலங்கைத் தேயிலையின் பெருமை பேசுகிற எல்லோரும் அந்த 23 இறாத்தலைச் சொல்வார்கள். அதை உருட்டியதில் ஓடைத் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோப்பி ஸ்டோர் நின்ற இடங்களிலேயே பல தேயிலை ஸ்டோர்கள் எழும்பின. வாய்க்கால் இருக்கிறது, சக்கரக் குழி இருக்கிறது, பிறகு ஏன் விடுவார்கள்? 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்த பிறகு கனமான இரும்பு யந்திரங்களும் வந்து சேர்ந்தன. ரயில் நிலையத்திலிருந்து தோட்டம் வரைக்கும் மாட்டு வண்டி. வண்டி போகாத இடத்துக்கு ஆள் தோள். மரச் சக்கரத்தின் இடத்தை மெல்ல மெல்ல இரும்பு 'டர்பைன்' பிடித்தது. அமெரிக்காவில் பெல்டன் என்பவர் 1880இல் உரிமை எடுத்த ஒரு சக்கரம் மலைநாட்டுக்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. இரட்டைக் கரண்டி போல வார்த்த கிண்ணங்கள் விளிம்பு முழுவதும் இருக்கும். குழாயின் நுனியிலிருந்து தண்ணீர் பீறிட்டு அந்தக் கிண்ணத்தில் அடிக்கும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் உயரத்திலிருந்து வந்தால் போதும். எமது மலைகளில் உயரத்துக்கா பஞ்சம்?

இது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுகிறோம். பிள்ளைகள் கவனித்துக் கேளுங்கள். ஓடையில் மேலே ஓரிடத்தில் சின்ன அணை கட்டி, அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டி மட்டமாக ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். அது ஸ்டோருக்கு நேர் மேலே ஒரு தொட்டியில் போய் முடியும். தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் செங்குத்தாகக் கீழே இறங்கும். விநாடிக்கு ஒரு லீற்றர் தண்ணீர் 100 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால் அதில் ஏறக்குறைய ஒரு கிலோவாட் சக்தி இருக்கிறது. உராய்விலும் யந்திரத்திலும் ஒரு பங்கு வீணாகிப் போகும், மிச்சம் வேலைக்கு வரும். விநாடிக்கு நாற்பது, ஐம்பது லீற்றர் கிடைத்தால் ஒரு தேயிலை ஸ்டோரின் ரோலர்களை ஓட்டிவிடலாம். டர்பைனிலிருந்து ஸ்டோரின் இந்த முனை முதல் அந்த முனை வரைக்கும் ஒரு நீண்ட இரும்புத் தண்டு போகும். அதில் வரிசையாகக் கப்பிகள், ஒவ்வொரு கப்பியிலிருந்தும் ஒரு தோல் பட்டி. ஒரு பட்டி ரோலருக்கு, ஒன்று சல்லடைக்கு, ஒன்று அடுப்பின் காற்றாடிக்கு. கொழுந்தைக் காயவைக்கச் சூடு மட்டும் விறகிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் தண்ணீர்.

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை வரும். இந்தக் கணக்கைக் கொழுந்து பறிக்கிற தாய்மாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாய்க்கால் வெட்டியது யார்? கங்காணிமாரின் கீழ் வேலை செய்த எமது ஆட்கள் தான். மலை விளிம்பில் ஒரு மைலுக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் நிற்காமலும் பாய்ந்து அரிக்காமலும் மட்டம் பிடிப்பது லேசான வேலை அல்ல. வாட்டம் கூடினால் மண் கரையும், குறைந்தால் சேறு படியும். பள்ளிக்கூடம் போகாத மனிதர்கள் அதைக் கண்ணாலும் காலாலும் அளந்து செய்தார்கள். வெட்டினது மட்டும் போதாது. மழைக் காலத்தில் இலையும் சுள்ளியும் வந்து கம்பி வலையை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஸ்டோரில் ரோலர் நிற்கும், ரோலர் நின்றால் கொழுந்து புளித்துப் போகும். ஆகவே நடுச்சாமத்தில், அட்டை கடிக்க, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் போய் அதைத் தட்டிவிட்டு வர வேண்டும். டீமேக்கரின் பேர் சில இடங்களில் பலகையில் எழுதியிருக்கும். இந்த மனிதரின் பேரை எழுதி வைத்த பலகை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

அந்தத் தோல் பட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடி இல்லாமல் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த பட்டிகள் அவை. சேலைத் தலைப்பு, சாரத்தின் நுனி, கை விரல், எது மாட்டினாலும் இழுத்துவிடும். தண்ணீர்ச் சக்கரம் சட்டென்று நிற்காது. மேலே போய் மதகை மூடினால் தான் நிற்கும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942இலும் தான் வந்தன. அதற்கு முந்தி கை போனவருக்கு என்ன கிடைத்தது என்பது துரையின் மனதைப் பொறுத்தது. பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாம் அழகாக இருந்தது என்று சொல்லிவிட எமக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம். சில தோட்டங்களில் டர்பைனோடு மின்சார டைனமோவும் பூட்டினார்கள். ஸ்டோருக்கு வெளிச்சம் வந்தது, பங்களாவுக்கு வெளிச்சம் வந்தது. லயத்துக்குக் குப்பி விளக்கு தான்.

இனிப் பெரிய சக்கரங்களின் கதைக்கு வருவோம். டி. ஜே. விமலசுரேந்திர என்ற சிங்கள இன்ஜினியர் ஒருவர் இருந்தார். பொது வேலைப் பகுதியில் வேலை. 1912இல் நுவரெலியா நகரத்துக்காக நானுஓயாப் பக்கம் பிளக்பூல் என்ற இடத்தில் ஒரு சின்ன நீர்மின் நிலையம் அமைத்தார். 1918இல், இந்த மலைநாட்டு ஆறுகளைக் கொண்டே நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். அரசாங்கம் ஆரம்பித்தது, பணம் இல்லை என்று நிறுத்தியது. கடைசியில் 1950இல் தான் லக்ஷபான ஓடத் தொடங்கியது. 1953இல் அவர் காலமானார். தன் கணக்கு சரி என்பதைக் கண்ணால் கண்ட பிறகு தான் போனார். நல்ல வேளை.

லக்ஷபானவின் கம்பிகள் மலை மலையாகப் போயின. ஸ்டோருக்குப் பக்கத்தில் கம்பி வந்த பிறகு வாய்க்காலைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? சுவிச்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது. மாசி, பங்குனி வரட்சியில் தண்ணீர் குறைந்தாலும் ரோலர் நிற்காது. அது ஒரு பெரிய வசதி தான், மறுக்க முடியாது. எண்ணெய் எஞ்சின்கள் அதற்கு முந்தியே வந்திருந்தன. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக, நூற்றுக்கணக்கில் இருந்த தோட்டத்து டர்பைன்கள் கைவிடப்பட்டன. இரும்பு பழைய சாமானாகப் போனது. குழாய்களை வேறு வேலைக்கு எடுத்தார்கள். வாய்க்காலில் புல் முளைத்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகும், 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளின் கைக்குப் போன பிறகும் பல சின்ன ஸ்டோர்கள் மூடப்பட்டு, கொழுந்து லொறியில் ஏறி வேறு தோட்டத்துக்குப் போனது. ஸ்டோர் போன இடத்தில் சக்கரக் குழியும் தூர்ந்து போனது.

மஸ்கெலியாப் பக்கம் இது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1969இல் மவுசாகலை அணை வந்தது. ஆற்றங்கரையும், தேயிலைக் காணியும், பழைய மஸ்கெலியா டவுனும் தண்ணீருக்குள் போயின. இன்றைய மஸ்கெலியா டவுன் பிறகு மேட்டில் கட்டியது. வரட்சிக் காலத்தில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் தலை காட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து படம் பிடிக்கிறார்கள். கோயிலைக் கும்பிடுகிறார்கள், அது சரி. கரையோரத்து வாய்க்காலையும் கட்டு வேலையையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சக்கரத்தை மூடிய அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கவில்லை. மவுசாகலைத் தண்ணீர் முதலில் கெனியன் நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. அங்கிருந்து வெளியேறி, 1974இல் 100 மெகாவாட்டோடு ஆரம்பித்த புதிய லக்ஷபானவில் சுற்றுகிறது. அங்கிருந்து இறங்கிப் பொல்பிட்டியவில் மறுபடி சுற்றுகிறது. ஒரே தண்ணீர், மூன்று இடத்தில் வேலை. கெனியன் மாத்திரம் 60 மெகாவாட். நாம் முன்னே சொன்ன தோட்டத்து டர்பைன் சில பத்துக் கிலோவாட் தான். அப்படியானவற்றை ஆயிரக்கணக்கில் வைத்தால் தான் இந்த ஒரு நிலையத்துக்கு ஈடாகும்.

ஆனால் பாருங்கள், 1950இல் லக்ஷபான ஓடத் தொடங்கியது. லயங்களுக்கு மின்சாரம் பெருமளவில் வந்தது 1990களிலும் அதற்குப் பிறகும். கம்பி எமது தலைக்கு மேலே தான் போனது. அந்த நாற்பது, ஐம்பது வருஷம் பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தார்கள். படிக்க முடியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்! லக்ஷபான திறந்த காலத்துக்குச் சற்று முந்தி, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டத்தால் எமது சனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். வாக்கு இல்லாத ஆளின் வாசலில் கம்பத்தை யார் நடுவார்கள்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தான் விஷயம் விளங்கும்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். பழைய டவுன் தண்ணீருக்குள் போன அந்தக் காலத்திலேயே எமது குடும்பங்கள் பெட்டி கட்டித் தலைமன்னாருக்கு ரயில் ஏறத் தொடங்கின. போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் நீலகிரியில் ஆரம்பித்த தேயிலைத் திட்டம் தான் பிறகு 'டான்டீ' ஆனது. ஆகவே மஸ்கெலியா ஓயாக்கரையில் ரோலர் ஓட்டிய கை, வாய்க்கால் மட்டம் பிடித்த கண், கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய் ஒதுங்கியது. இங்கே இடம் தண்ணீருக்குள். அந்த இடத்தை அறிந்த ஆள் கடலுக்கு அப்பால். எமது ஆலைகளின் கதை எழுதப்படாமல் போனதற்கு இது தான் பெரிய காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

யந்திரங்களைப் பார்க்க விருப்பம் உள்ளவர்கள் கண்டிக்குப் போனால் ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலைக்கு ஒரு தரம் போய் வாருங்கள். 1925இல் கட்டிய ஸ்டோரை 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். பழைய ரோலர்களும் எஞ்சின்களும் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஏற்ற இடம். ஆனால் அங்கே டெய்லரின் கதை கிடைக்கிற அளவுக்கு வாய்க்கால் வெட்டியவரின் கதை கிடைக்காது.

இப்போது சின்ன நீர்மின் நிலையங்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 1980களில் சில தோட்டங்களில் பழைய டர்பைன்களைத் திருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் ஆற்றோரங்களில் நிலையம் கட்டி மின்சார சபைக்கு விற்கிறார்கள். பழைய வாய்க்கால் வழி போன இடத்திலேயே புதிய குழாய் போகிற தோட்டங்களும் உண்டு. தண்ணீரைத் திருப்பும்போது ஓடை வற்றிப் போனால் பீலியும் வற்றும். ஆகவே உங்கள் தோட்டத்தில் இப்படி ஒன்று வருகிறது என்றால், ஓடையில் எவ்வளவு தண்ணீர் விடுவார்கள், லயத்துப் பீலிக்கு என்ன ஏற்பாடு, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை உண்டா என்று தலைவர்மார் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டின பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஸ்டோர் நின்ற இடம், சக்கரக் குழி, தொட்டி, குழாய் தாங்கிய கல் தூண், இப்படி ஏதாவது உங்கள் மலையில் இருந்தால், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் மலை என்று குறித்து எங்களிடம் கொடுங்கள். வீட்டில் எண்பது வயதுக்கு மேல் பெரியவர்கள் இருந்தால், யார் ரோலரில் நின்றது, யார் வாய்க்கால் பார்த்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்தாலும் போதும். நீலகிரியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டு வாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு படத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.

மவுசாகலையில் தண்ணீர் இறங்கும்போது பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போங்கள். பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். மேலே காய்ந்தது போல இருந்தாலும் அடியில் சேறு ஆழம், காலை விட்டால் எடுக்க முடியாது. கரையில் நின்றே பார்க்கலாம்.